ஏழாவது கேள்வி

பிரதீபாவிடம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில்தான் வருவார்கள். எல்லாரும் அமெரிக்காவில் பிள்ளைகளோடு போய்த் தங்கிவிட்ட அப்பா அம்மாக்கள். குடியுரிமைக்கான நேர்காணலில் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு அவளிடம் பதில் பழகுவார்கள். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் அமெரிக்க வக்கீல்களுக்காக அந்த மனுக்களை நிரப்பிக் கொடுத்தவள் அவள். வேலையை விட்ட பிறகு செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அறை எடுத்து வகுப்பு நடத்தினாள்.

அம்சாம்மா மட்டும் நேரில் வந்தார். வயது அறுபத்தொன்று. திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமம். ஏழு வருடமாகப் பெரிய மகன் சரவணகுமாரோடு டெக்சாஸில் இருக்கிறார். மூன்று மாதம் ஊரில் இருந்துவிட்டு, திரும்பியதும் மனுப் போடுவதாகத் திட்டம். சின்ன மகன் மோகன், மனை வாங்கி விற்கிறவன், வாரம் மூன்று நாள் காலையில் காரில் கூட்டிவருவான்.

மோகன் கீழே டீக்கடையில் காத்திருக்கலாம். ஆனால் மேலே வந்து அம்மாவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பிரதீபாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். இரண்டாவது, அம்சாம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. செனட்டில் எத்தனை பேர், உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள், குடிமகனுக்கு மட்டுமே உள்ள கடமை என்ன என்று எதைக் கேட்டாலும் உடைந்த ஆங்கிலத்தில் டக்கென்று சொன்னார். "ஜூரி டூட்டி. ஓட்டு போட்றது." இவ்வளவு தெரிந்தவரை எதற்கு இத்தனை தூரம் கூட்டிவருகிறார்கள்?

நான்காவது வகுப்பில் காரணத்தின் ஒரு முனை கிடைத்தது. மனுவின் பின்பகுதியில் 'நீங்கள் எப்போதாவது' என்று தொடங்கும் கேள்விகள் நிறைய உண்டு. வரி கட்டாமல் இருந்தீர்களா, கைதானீர்களா என்றெல்லாம். அவற்றில் இருபதை எடுத்துப் பிரதீபா ஒரு தாள் தயாரித்து, படித்துவரும்படி முந்தின வகுப்பிலேயே கொடுத்தனுப்பியிருந்தாள். முதல் ஆறுக்கும் அம்சாம்மா யோசித்து, சில சமயம் சிரித்து, "நோ" என்றார். குடிகாரியாக இருந்ததுண்டா என்ற கேள்விக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏழாவதைப் பிரதீபா வாசிக்கத் தொடங்கும்போதே "நோ" வந்துவிட்டது. அமெரிக்காவில் வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, எந்தத் தேர்தலிலாவது வாக்களித்ததுண்டா என்பது அந்தக் கேள்வி.

அடுத்த வகுப்புக்கு அவள் கேள்விகளின் வரிசையை மாற்றிவைத்தாள்.

"அமெரிக்காவின் அரசியல் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா?" என்று ஏழாவதாக ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நோ," என்றார் அம்சாம்மா.

மோகன் இருமினான். "மேடம், அந்தப் பக்கத்த வுட்ருங்க. ஹிஸ்டரி மட்டும் பாருங்க, போதும்."

"ஆபீசர் விட மாட்டாரே."

"அத எங்க அண்ணன் பாத்துக்குவாரு."

வகுப்பு முடிந்து மோகன் படியில் இறங்கிக்கொண்டே போனில் பேசியது அவள் காதில் விழுந்தது. "அண்ணாத்த, இந்தப் பொம்பளைக்கு டவுட் வந்துட்சி. வேற ஆள் பாக்கலாமா?"

பிரதீபா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மாவை மிரட்டி ஏதாவது செய்யவைக்கிறார்களோ என்று தோன்றியது. அம்மா குடியுரிமை வாங்கினால் மோகனுக்கும் அங்கே போக ஒரு வழி பிறக்கும். பல வருடம் ஆகும் என்றாலும் வழிதான். அதற்காகக் கிழவியின் வாயில் ஒரு பொய்யைத் திணிக்கிறார்களா?

மறுநாள் காலை சரவணகுமார் வீடியோவில் வந்தான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மேடம், இந்த வீடியோ கால ரெக்கார்ட் பண்றீங்களா?"

"இல்ல."

"க்ளாஸ?"

"எதையும் பண்றதில்ல."

"எங்கம்மாவ பத்தி யார் கிட்டயாவது பேசினீங்களா? உங்க பழைய கம்பெனியில யார் கிட்டயாவது?"

"எதுக்காகக் கேக்கறீங்க?"

பதில் சொல்லாமல் துண்டித்தான். அந்த வாரம் அவர்கள் வரவில்லை. ஆனால் யாரோ ஒருவர் போன் செய்து, தன் மாமியாரைச் சேர்க்க வேண்டும் என்றார். மாமியாரின் ஊரைக்கூடச் சொல்லாமல், "ஓட்டு விஷயத்துல சிக்கல் இருந்தா என்ன சொல்லச் சொல்லுவீங்க?" என்றார். இது சரவணகுமார் அனுப்பிய ஆள்தான் என்று பிரதீபா நினைத்தாள். "உள்ளதச் சொல்லச் சொல்லுவேன். முதல்ல வக்கீலப் பாருங்க," என்று வைத்துவிட்டாள். உண்மையிலேயே அது வேறு யாரோவாகவும் இருந்திருக்கலாம். அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சனிக்கிழமை புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அம்சாம்மாதான்.

"டீச்சரம்மா, சாயங்காலம் நாலரைக்கு மாமல்லபுரம் வர்றியா? அஞ்சு ரதம் போற ரோட்ல, கல்லு செதுக்கற பட்டறை. எங்க ஒண்ணுவிட்ட தம்பியோடது. தனியா வா."

திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டரில் போகும்போது அவள் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்துக்கொண்டாள். மோகனின் வெள்ளை நிறக் கார் தெரியவில்லை. வெள்ளை நிறக் கார்கள் பல தெரிந்தன.

பட்டறையில் இரண்டு பேர் மிஷினால் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பேசுவதே கேட்காத இரைச்சல். அதனால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று பிரதீபாவுக்குப் புரிந்தது. அம்சாம்மா பாதி செதுக்கிய ஒரு நந்திக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தார்.

"மொதல்ல நீ சொல்லு. நீ அந்த அமெரிக்கா ஆபீஸ் ஆளா?"

"நானா? இல்லம்மா."

"அப்பறம் எதுக்குக் கேள்விய மாத்தி மாத்திக் கேட்ட?"

"நீங்க முழுசாக் கேக்காமலே பதில் சொன்னீங்க. அதான்."

அம்சாம்மா அவள் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, காதருகே குனிந்து சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் அடையாள அட்டை வாங்கப் போன இடத்தில் வாக்காளர் பதிவுத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அதை நிரப்பிக் கொடுத்தார். சில மாதம் கழித்து வாக்காளர் அட்டை தபாலில் வீட்டுக்கே வந்தது. பள்ளிக்கூட வாரியத் தேர்தலில் பக்கத்து வீட்டு லிண்டா நின்றாள். அம்சாம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று அவரைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அந்த லிண்டா. அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு ஓட்டுப் போட்டார். சரவணகுமாருக்குத் தெரிந்ததும் அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. குடிமகன் அல்லாதவர் வாக்களித்தால் நாட்டை விட்டே அனுப்பிவிடலாம் என்று அவன்தான் சொன்னான்.

"உங்களுக்குத் தெரியாம நடந்ததுதானே. வக்கீல் கிட்ட அப்படியே சொல்லலாம்."

அம்சாம்மா கையில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டினார்.

"தெரியாமன்னு சொன்னா நம்புவாங்களா?"

அந்தக் கேள்வி பிரதீபாவுக்குப் பிடிக்கவில்லை. "அந்தத் தாள்ல ஒரு கட்டம் இருக்கும். நீங்க குடிமகனான்னு. அத யாரு டிக் பண்ணாங்க?"

மிஷின் நின்றது. கல்லைத் திருப்பிவைத்து மறுபடி ஓட்டும்வரை இருவரும் பேசவில்லை.

"நான்தான்," என்றார் அம்சாம்மா. "படிச்சிதான் பண்ணேன். அந்த அளவுக்கு இங்கிலீஷ் வரும். அப்பவே நாலு வருசமா அங்கதான் கீறேன், பேரப் புள்ளைங்கள நான்தான் வளக்கறேன், நீ இந்த ஊருதானான்னு கேக்குது அந்தத் தாளு. இல்லன்னு போட மனசு வர்ல. சரவணனுக்கு இது தெரியாது. எவனோ டிக் பண்ணிட்டான்னு நெனச்சிகினு கீறான்."

இத்தனை நாள் பிரதீபா மோகனை மட்டுமே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"பேசாம இருக்கலாம்னு அமெரிக்கா சட்டத்துல கீதே, அது எனக்கும் உண்டா?"

"உண்டு. அங்க இருக்கற எல்லாருக்கும் உண்டு. உங்கள நீங்களே மாட்டிவிட வேண்டியதில்ல. ஆனா மனுப் போட்டு, சத்தியம் பண்ணிட்டு, இல்லன்னு சொன்னா அது வேற. அது பொய்."

"அப்ப மனுவே போடாம இருந்தா?"

"அத வக்கீல்தான் சொல்லணும். நான் வக்கீல் இல்லம்மா. ஆனா அந்த ஏழாவது கேள்விக்கு நோ-ன்னு உங்களுக்கு என்னால பழக்க முடியாது."

அம்சாம்மா நிமிர்ந்தார். அவர் பார்த்த திசையில், பட்டறை வாசலில் மோகன் நின்றிருந்தான். காரை எங்கேயோ விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான்.

"இன்னா மேடம், எங்கம்மாவுக்கு இங்க வந்து க்ளாஸ் எடுத்துகினு கீறீங்களா? உங்க போனக் குடுங்க."

பிரதீபா போனின் பூட்டைத் திறந்து அதை அவன் கையில் வைத்தாள். ரெக்கார்டிங், மெசேஜ், போட்டோ என்று அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் எதுவும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தில் நிம்மதி வரவில்லை. இன்னொரு போன் இருக்குமோ என்பதுபோல அவள் கைப்பையைப் பார்த்தான்.

"அவள வுடு," என்றார் அம்சாம்மா. "சரவணனுக்குப் போன் போடு. இந்நேரம் எழுந்திருப்பான்."

ஸ்பீக்கரில் சரவணகுமாரின் தூக்கக் குரல் கேட்டது. அம்சாம்மா பட்டறைக்குப் பின்னால் சவுக்குமரம் பக்கம் போய்ப் பேசினார். பிரதீபாவும் மோகனும் நான்கடி தள்ளி நின்றார்கள்.

"டேய், அத எழுதிப் போட்டது நான்தான்டா. தெரிஞ்சிதான் போட்டேன். ஆபீசர் முன்னாடி கைய தூக்கி சத்தியம் பண்ணிட்டு இல்லன்னு என்னால சொல்ல முடியாது. வக்கீலப் பாரு. அவரு வா-ன்னா வர்றேன், இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்."

மோகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என் கத?" என்றான், யாரிடம் என்று இல்லாமல்.

"உன்ன அங்க கூட்டிகினு போறதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன் மோகன்," என்றார் அம்மா.

அவன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பிரதீபாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஏழு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அறியாத எண்கள் அழைத்தால் அவள் எடுக்கத் தயங்கினாள். அவளைப் பற்றி இணையத்தில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தாள். எதுவும் இல்லை என்பதும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை அம்சாம்மா டெக்சாஸிலிருந்து அழைத்தார். இரண்டு வக்கீல்களைப் பார்த்தார்களாம். இருவருமே, அம்மா திரும்பி வரலாம், மனு மட்டும் போட வேண்டாம் என்றார்களாம். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும்படி வக்கீல் மூலமாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பெயரை எடுத்துவிட்டார்கள். வேறு ஏதாவது வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"தெனம் தபால் வந்தா சரவணன்தான் மொதல்ல ஓடிப் போய் எடுக்கறான். என் கண்ணுல காட்ட மாட்டேங்கறான்."

"பயமா இருக்காம்மா?"

"கீது. ராவுல கார் நின்னா கூட எட்டிப் பாக்கறேன். ஆனா அந்த நோ-வ மனப்பாடம் பண்ண வேணாம் பாரு. அது போதும்."

பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிரதீபா நிறுத்தினாள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"சரவணன்தான். ஸ்பீக்கர்ல போட்டுகினுதான் பேசறேன்."

சற்று நேரம் கழித்து, "வணக்கம் மேடம்," என்றது அவன் குரல்.

"வணக்கம்," என்றாள் அவள். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அம்சாம்மா மட்டும் அங்கே குளிர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.