பிரெஞ்சு முகவரி

வில்லியனூர் பக்கத்தில் தன் வீட்டு மாடி அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்தாள் செலின் மேரி. வெப்சைட் வேலையெல்லாம் அவள் தம்பி ஆரோக்கிய பிரகாஷுடையது. தமிழுக்கு ஒரு இணைய முகவரி, ஆங்கிலத்துக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கிப்போட்டிருந்தான்.

"அவங்கவங்க பாஷையில தேடுனா நம்ம வூடுதான் முன்னால வந்து நிக்கும்க்கா" என்றான். நம்பினாள்.

மழை முடிந்து சீசன் தொடங்கியும் பிரெஞ்சுக்காரர் யாரும் வரவில்லை. முந்தைய வருடம் தங்கிப்போன ஒரு பெண்மணி மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இங்கே மூடிவிட்டதாகப் போட்டிருக்கிறீர்களே" என்று பிரெஞ்சில் கேட்டுப் போனை நீட்டினாள்.

கன்னியர் பள்ளியில் படித்த பிரெஞ்சு செலின் மேரிக்கு மறக்கவில்லை. அவளுடைய கிணற்றடி, அவள் வைத்த மீன் குழம்பு, எல்லாப் படமும் அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தில் இருந்தன. மேலே, 'பாகூருக்கு இடம் மாறிவிட்டோம்.' கீழே தம்பியின் நம்பர்.

அன்றைக்கே பஸ் ஏறினாள். பாகூரில் அவன் மாமனார் வீட்டு மாடியில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா இது?"

"பிசினஸ்க்கா. தமிழும் இங்கிலீஷும் உனக்குத்தான இருக்கு."

"என் கெணத்த எதுக்குடா போட்ட?"

"போட்டோ எடுத்தது நானு. பிரெஞ்சு டொமைன் என் பேர்ல இருக்கு. எங்க வேணா போய்ச் சொல்லு."

அவன் மனைவி நீட்டிய தண்ணீரைச் செலின் மேரி தொடவில்லை.

வில்லியனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ராஜேஷ் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவரு பேர்ல வாங்குனத புடுங்க முடியாதுக்கா. ஆனா இங்கிலீஷ் முகவரி உங்க மெயில்ல பதிவாகியிருக்கு. அதுக்குள்ளயே பிரெஞ்சுக்கு ஒரு பக்கம் போட்டுடலாம். தனி முகவரியே வேணாம்."

வாசகத்தை அவளே எழுதினாள். முதல் வரி: 'நாங்கள் எங்கும் போகவில்லை. பாகூர் வீடு எங்களுடையதல்ல. அந்தக் கிணறும் அங்கே இல்லை.'

சில நாளில் தம்பி போன் செய்தான்.

"அந்த வரிய எடுத்துடு. வர்றவங்கல்லாம் கெணறு எங்கன்னு கேக்குறாங்க."

"தோண்டிக்கோ" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

படங்களை அவன் நீக்கிவிட்டான்; முகவரியைக் கொடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் பாகூருக்குத்தான் போகிறார்கள்.

அம்மாவின் நினைவுத் திருப்பலியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அவன் இவள் பக்கம் திரும்பிக் கைகுவித்தான். செலின் மேரி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.