தெருவில் விழுந்த அடி

மரக்கடைக்காரன் தன் மனைவியை அறைந்த அறையில், மூன்று வீடு தள்ளிக் கரண்ட் பெட்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரரின் கடைவாய்ப்பல் தெறித்து விழுந்தது. மறுநாள் அவன் அவளை எட்டி உதைத்தபோது, எதிர்வரிசையில் மில் ஓட்டிக்கொண்டிருந்த மாவு மில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். மிக்ஸி போட்ட வாத்தியாரம்மாவுக்கு உதடு கிழிந்தது. அந்த மாதம்தான் மரக்கடைக்காரன் மொட்டை மாடியில் சோலார் மாட்டி, தெருவுக்கே கரண்ட் விற்கிறவன் நான் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுத் தேவை போக மிஞ்சுவது வெளியே போகும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. அவள் தாங்கியது போக மிஞ்சிய அடி கம்பி வழியே போனது. வெயில் இறங்கிய பிறகு விழுந்த அடி மட்டும் முழுக்க அவளுக்கே.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அலறல் தெருவுக்குக் கேட்டதுதான். அப்போதெல்லாம் புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவர்கள், தங்கள் வாயில் ரத்தம் வந்ததும் கொதித்துப்போனார்கள். கொதித்தவர்கள் அவள் வீட்டுக்குப் போகவில்லை, மின்சார ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த லைன்மேன் மீட்டரைப் பார்த்தார், கண் வீங்கிக் கதவோரம் நின்றவளையும் பார்த்தார்.

"கோளாறு லைன்ல இல்லம்மா, வீட்டுலதான். ஆனா என்னால லைனத்தான் நிறுத்த முடியும்."

வெளியே போகும் சுவிட்சை அணைத்து, கம்பி சுற்றி சீல் வைத்துவிட்டுப் போனார். தெரு நிம்மதியாக மிக்ஸி போட்டது. வெட்கங்கெட்ட நிம்மதி.

மரக்கடைக்காரனுக்குக் குளிர் விட்டுப்போயிற்று. கட்டையால் அடித்து அவள் விலா எலும்பை உடைத்தான். வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள் அவள். மூச்சு இழுத்தாலே வலிக்க, அப்படியே உட்கார்ந்து தைத்தாள். இப்படியே போனால் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சாக அவளுக்கு இஷ்டமில்லை. ஒரு நாள் உச்சிவெயிலில் மாடியேறி, துணி வெட்டும் கத்தரியால் சீல் கம்பியை அறுத்து, சுவிட்சைப் போட்டாள். கீழே வந்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவன் முன்னால் நின்றாள்.

"இப்ப அடிங்க."

கட்டையை எடுத்து அடித்தான். இஸ்திரிக்காரர் கொதிக்கிற பெட்டியின் மேலேயே விழுந்தார். மில்காரருக்கு மண்டை பிளந்தது. வாத்தியாரம்மா அடுப்படியிலிருந்து தவழ்ந்து வந்தார். ஃபேன் ஓடிய வீடெல்லாம் ரத்தம். இந்தத் தடவை யாரும் ஆபீசுக்குப் போகவில்லை. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் புகுந்து, அவன் கட்டையைப் பிடுங்கி, அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் நொறுக்கினார்கள். அவன் மேல் விழுந்த அடி வீட்டுத் தேவைக்கே சரியாக இருந்தது, துளிகூட வெளியே போகவில்லை. அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சீல் கம்பியை அறுத்ததற்கு ஆபீஸ் அபராதம் போட்டது, கட்டினாள். இப்போது மரக்கடைக்காரனுக்குச் சோறு ஊட்டிவிட ஆள் வேண்டும். அதற்கு ஒரு ஆளை வைத்திருக்கிறாள். சோலார் கம்பெனியில்தான் கூட்டம் தாங்கவில்லை. பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று பெண்களாகவே வந்தார்கள். வீட்டில் என்னென்ன ஓடுகிறது, எவ்வளவு யூனிட் வரும் என்று கம்பெனிக்காரன் வழக்கம்போல விசாரித்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தி குறுக்கிட்டாள்.

"அதெல்லாம் நீங்களே பார்த்துப் போடுங்க. எங்க வீட்டைத் தெருவோட சேர்த்து விட்டா போதும்."

கம்பெனிக்காரன் சரியென்று, மாடியை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.