ஃபேன் சுத்தாத வண்டி

1.

இந்தக் கதை ஒரு மெக்கானிக் சொன்ன ஒற்றை வாக்கியத்திலிருந்து வந்தது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு பட்டறையில் என் பழைய காரை விட்டுவிட்டு வடை தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வண்டிக்குள் தலையை விட்டிருந்தவர் யாரிடமோ சொன்னார்: "தானா கழண்டு விழாதுங்க. யாரோ கழட்டியிருக்காங்க."

வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். சொந்த வண்டியில் யார், எதற்குக் கழட்டுவார்கள்? மேலே என்ன பேசினார்கள் என்று காது கொடுப்பதற்குள் என் வண்டி தயாராகிவிட்டது. (பாழாய்ப்போனது, மற்ற நாளில் சாயங்காலம் வரை இழுக்கும்.) மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2.

முதல் தொடக்கம்: 'காலைச் சூரியன் கெடிலம் ஆற்றின் மேல் பொன்னை—' சே! சூரியனுக்கும் கார் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்? அடித்தாயிற்று.

இரண்டாவது: 'தனத்துக்கு இரண்டு கிட்னி, தம்பிக்கு ஒன்றுகூட—' ஐயோ, விளம்பரம் மாதிரி இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

தனம் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி, ஐம்பதை நெருங்குகிறாள். சிதம்பரத்தில் இருக்கும் அவள் தம்பி சிலம்பரசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறான். "நான் தர்றேன்டா" என்று சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் சொன்னவள் இவள்தான். பொருந்துமா என்று பார்க்க அவள் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவள் கணவர் நடனசபாபதி, மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர், "என் மச்சானுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

இரண்டு முறை காரில் கிளம்பினார்கள். இரண்டு முறையும் ஓ.டி. கடைத்தெரு நெரிசலில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பிவிட்டது. போகிற காரியத்தில் வண்டி நின்றால் அந்த வீட்டில் தடங்கல் என்று திரும்பிவிடுவார்கள். திரும்பினார்கள். இரண்டாம் முறை தனமே வாய்விட்டுச் சொன்னாள்: "இன்னொரு வாட்டி நின்னா, சாமியே வேணாங்குதுன்னு விட்டுடுவேன்."

[ஓரக் குறிப்பு: கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஓயாமல் போகிறது என்பது எனக்கும் தெரியும். இது என் கதையில் விழுந்த ஓட்டை. அப்புறம் அடைத்துக்கொள்கிறேன்.]

3.

மெக்கானிக் அந்தோணிசாமி இரண்டு முறையும் வண்டியைப் பார்த்தவர். முதல் தடவை, தண்ணீரைத் தடுக்கிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டார். அடுத்த தடவை ரேடியேட்டரை இறக்கி உப்பைச் சுரண்டிக் கழுவினார். இரண்டும் தப்பு. ஆனால் பட்டறையில் வண்டி மணிக்கணக்காக ஓடியும் சூடேறவில்லையே, அவர்தான் என்ன செய்வார்?

மூன்றாவது தடவையும் அதே கடைத்தெருவில் ஆவி. நடனசபாபதி ஓரங்கட்டினார். "போதும் தனம். திரும்பிடலாம்."

தனம் ஏனோ அந்தோணிசாமிக்கு போன் போட்டுவிட்டாள். பக்கத்துத் தெருதான். உடனே பைக்கில் வந்து இறங்கினார்.

"ரேடியேட்டர் மூடியில கைய வெக்காதீங்க, மூஞ்சி வெந்துடும்" என்று நடனசபாபதியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தனத்திடம் கேட்டார்: "எப்பக்கா முள்ளு ஏறுது? ஓடறப்பவா, நிக்கறப்பவா?"

"நிக்கறப்பதாண்ணே. வேகமா வந்தப்ப எறங்கித்தான் இருந்துச்சு."

"அப்ப தண்ணி ஒழுங்கா ஓடுது. நிக்கறப்ப காத்து வரல." சாவியைத் திருப்பி ஏ.சி.யைப் போட்டார். ரேடியேட்டர் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். அசையவே இல்லை. "பட்டறையில நல்லா சுத்துச்சே இது!"

பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஃபேனுக்கு கரண்ட் விடுகிற ரிலே இருக்க வேண்டிய இடம் காலி.

அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். முதல் பாராவிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

4.

இங்கே என் திட்டம் வேறு. ஒரு பொறாமைக்காரப் பங்காளி, இளவரசு என்று பேர்கூட வைத்திருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக அவன் வந்து—

வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே நடனசபாபதி சட்டைப் பையில் கையை விட்டார். கறுப்பாய், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒன்றை எடுத்து பேட்டரி மேல் வைத்தார். சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. இவரை நல்லவர் என்று நினைத்துத்தானே ஆரம்பித்தேன்!

"கெளம்பறப்ப கழட்டுவேன். பட்டறைக்கு வர்றதுக்குள்ள மாட்டிடுவேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

தனம் பேனட்டைப் பிடித்தவள், சுட்ட கையை உதறக்கூட இல்லை.

"அடப்பாவி மனுஷா! அவன் செத்துப்போயிடுவான்ங்க. ஒங்கள மாமா மாமான்னு உயிரா இருக்கானே, எப்படிங்க மனசு வந்துது?"

"அவன் மூஞ்சப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒன்ன அறுக்கப் படுக்கவெச்சிட்டு வெளிய நிக்கவும் தெம்பு இல்ல. நான் பாவிதான்." பிறகு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெண்டு வாட்டி வண்டி நின்னுச்சே, பின்னாலயே சிதம்பரம் பஸ் வந்துது. வா பஸ்ஸுல போலாம்னு நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

அது என் ஓட்டை என்றல்லவா நினைத்தேன்! எழுதத் தெரியாதவன் விட்ட பிசகு என்று உங்களிடம் சமாதானம்கூடச் சொன்னேனே. தனம் அந்த பஸ்ஸைப் பார்த்திருக்கிறாள். சிதம்பரம், சிதம்பரம் என்று கண்டக்டர் கூவியதைக் கேட்டிருக்கிறாள். ஆவி கிளம்பிய ரெண்டு தடவையும், ஆபரேஷனை நினைத்துப் பயந்துகொண்டிருந்த அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. சாமி மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாள். புருஷனைத் திட்டத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அந்தோணிசாமி ரிலேவை எடுத்து மாட்டினார். ஃபேன் ஓடியது. முள் இறங்கியது.

5.

முடிவு (அ): தனம் ரோஷத்தோடு பஸ் ஏறுகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள், நான் நம்ப மாட்டேன்.

முடிவு (ஆ): இருவரும் அழுது, வீட்டுக்குத் திரும்பி— அப்புறம் சிலம்பரசன்? அவனை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

முடிவு (இ): டெஸ்டில் பொருந்தவில்லை என்று வந்துவிடுகிறது. அதாவது, நானும் ஒரு ரிலேவைக் கழட்டுகிறேன். மாட்டேன்.

இப்படி நான் இழுத்துக்கொண்டிருந்தபோது தனத்தின் போன் அடித்தது. தம்பி. எடுத்துக் காதில் வைத்தாள். அவனே பேசினான்.

"அக்கா, இன்னும் காணமேன்னு பாத்தேன். இன்னிக்கும் வண்டி நின்னுடுச்சா? பரவால்லக்கா. மாமாவ ஒண்ணும் திட்டாத, பழைய வண்டி, அவுரு இன்னா பண்ணுவாரு? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ பயந்துக்காம மெதுவா வா."

அவள் போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னிடம் நீட்டினாள். நானும் வாங்கவில்லை.

இதோ, உங்களிடம் நீட்டுகிறாள். அவன் லைனில்தான் இருக்கிறான். வாங்கிப் பேசுங்கள்.