தேரிக்குப் போய்வந்தவர்

அப்பாவைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து ஜெபசுதா பெல்ட்டை மாட்டியபோது, அம்மா கிருபை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

“ஏளா, பதினோரு மணிக்கு சர்ச் ஐயர் நற்கருணையோட வாராவ. இன்னைக்குப் போயி தேரியப் பாக்கணுமா? வழியில ஏதும் ஆயிட்டுன்னா?”

“ஒரு மணி நேரம்மா. ஆசைப்படுதாவல்லா.”

“ஒங்க பெரியப்பா ரோட்டுல செத்தாவன்னு வீட்டுக்குள்ளயே விடல. முற்றத்துல பந்தலப் போட்டு கெடத்துனாவ. இவுகளுக்கு அந்தக் கதி வந்துச்சுன்னா ஒன்ன மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

அந்தக் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து ஐந்து தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் வெளியே உயிர் பிரிந்த உடலை வாசல் தாண்ட விடாத வழக்கத்தை மட்டும் விடவில்லை. அது வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அப்பாவும் ஓய்ந்துபோயிருந்தார்.

அப்பா சுந்தர்சிங் புவியியல் வாத்தியார். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் செம்மணல் தேரிக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். இந்த வருஷம் மழை வருவதற்கு முன்பே டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு வாரமாக குளுக்கோஸ் தண்ணீர்தான் உள்ளே இறங்கியது.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் காரை நிறுத்தி, கதவை அகலத் திறந்துவிட்டாள். மணல்மேடுகள் நேற்றைய முதல் மழையில் நனைந்து கருஞ்சிவப்பாகப் படிந்துகிடந்தன. காற்று இன்னும் புதிதாக வரி போட ஆரம்பிக்கவில்லை. முந்திரிக் கொல்லாமரங்கள் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றன.

“தார்ப் பாலைவனத்த முப்பத்திநாலு வருஷம் நடத்துனேன். ஒரு தடவகூடப் பாத்ததில்ல,” என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டார். “பாக்காட்டி என்ன. இத விடவா அது செவப்பு?”

காரைப் பார்த்ததும் பனையேறி மாசானம் வந்துவிட்டான். வருஷா வருஷம் பார்க்கிற ஆள். சுட்ட பனம்பழம் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தான். அப்பா கை நீட்டி வாங்கி நாரைச் சப்பினார். தாடையெல்லாம் மஞ்சள். ஜெபசுதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“அய்யனார் கோயில் திருழா எப்பல மாசானம்?”

“கார்த்திகையில சாரு. வந்துருங்க.”

“வாரேன். ஐயருக்குத் தெரியாண்டாம்.”

பிறகு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபசுதாவும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசானம்தான் முதலில் கவனித்தான்.

“தாயி, சாரு கண்ணு அசையல.”

நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் பெரியப்பா கிடந்த பந்தல் கண்ணில் வந்து நின்றது. தன்னால்தான் அப்பாவும் இனி வாசலில் கிடக்கப்போகிறார்.

மாசானம் அவர் கண்களை மூடிவிட்டான். தலை சரியாமல் இருக்க, தன் துண்டை எடுத்துக் கழுத்தோரம் திணித்தான்.

“நான் ஒண்ணும் பாக்கல தாயி,” என்றான். “சாரு உசிரோடதான் இங்கேருந்து போனாவ.”

பாதி வழியில் தம்பி பெவின் போனில் கூப்பிட்டான். “அக்கா, எங்க இருக்க? ஐயர் வந்தாச்சு.”

“வந்துக்கிட்டிருக்கோம். அப்பா தூங்குதாவ.”

பொய் இவ்வளவு லேசாக வாயில் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவிடம் அது செல்லாது என்பதுதான் பயம். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள்.

வீட்டு முன்னால் நாலைந்து சொந்தக்காரர்கள் நின்றார்கள். ஐயர் வெள்ளை அங்கியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கார் நின்றதும் அம்மா ஓடிவந்து கதவைத் திறந்து, வழக்கம்போல் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த விரல்களை எடுக்கவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஜெபசுதா கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள்.

“எப்படிம்மா இருக்காரு?” ஐயர் படியிறங்கி வந்தார்.

 அம்மா முந்தானையால் அப்பாவின் தாடையைத் துடைத்தாள்.

“நாடி இருக்குங்கய்யா. மெலிசா ஓடுது,” என்றாள். “மொதல்ல உள்ள கொண்டு போயிருவோம். பெவின், நாற்காலி கொண்டா.”

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கியதுமே பெவினின் முகம் மாறிவிட்டது. “அம்மா, அப்பா...” என்று ஆரம்பித்தான். “பேசாம தூக்குல,” என்றாள் அம்மா.

ஜெபசுதா பின்னாலிருந்து பிடித்தாள். படியேறி வாசலுக்கு வந்தபோது அப்பாவின் தலை நிலையை நெருங்கியது.

“தலையக் குனிஞ்சுக்கிடுங்க,” என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு தன் உள்ளங்கையை அவர் நெற்றிக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.