மூன்றடி மேடை

வனஜாவுக்கு வலது தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. காலையிலிருந்து பத்து ப்ளைவுட் பலகை சுமந்தாயிற்று. சுமப்பது அவளுக்குப் புதிதில்லை. தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்குப் புனே வந்த குடும்பம்; எட்டு வயதில் கலவைச் சட்டி, இப்போது நாற்பத்தைந்தில் சைட் சூப்பர்வைசர். தமிழ்ச் சங்க நாடகத்துக்கு செட் போடுவது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

இன்று சனி. நாளை மாலை ஐந்துக்கு நாடகம். ஒத்திகை எல்லாம் பாணேரில் முகுந்தின் அபார்ட்மெண்ட் கிளப் ஹாலில் நடந்தது. நாடகம் நடக்கப்போகும் சாங்வி ஹாலுக்கு எல்லோரும் வந்தது இன்றுதான்.

"ராம்ப் போட்டாச்சு!" என்றார் செயலாளர் பட்டாபிராமன். பந்தல் போடுகிறவனிடம் வாங்கிய ஆறடிப் பலகை ஒன்று தரையிலிருந்து மேடை விளிம்புக்குச் சாய்ந்து நின்றது.

வனஜா பார்த்தாள். "மூணடி உசரத்துக்கு ஆறடிப் பலகையா? இதுல சிமெண்ட் மூட்டைய உருட்டலாம் சார். மேலருந்து கீழ."

"வழுக்கினா என்ன, நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்மா."

சக்கர நாற்காலியில் இருந்த முகுந்த் சிரிக்கவில்லை. ஹவுசிங் சொசைட்டித் தலைவராக நாடகம் முழுக்க வருகிறவன் அவன்தான்.

"அங்கிள், என்னைத் தூக்கறதுக்கு நான் என்ன கேஸ் சிலிண்டரா? நூறு பேர் பார்க்க நாலு பேர் என்னை ஏத்துவாங்க. அப்புறம் நான் மேல உட்கார்ந்து எல்லாரையும் அதட்டணும். எவன் நம்புவான்? தூக்கினா நான் வரலை. என் வேஷத்த ஸ்ரீவத்சனுக்குக் குடுங்க."

கூட நடிக்கும் ஸ்ரீவத்சன் பதறினான். "ஐயோ, எனக்கு வசனம் நாலு வரிகூடத் தெரியாது!"

வனஜா டேப்பை இழுத்தாள். "ஒரு அடி ஏத்தத்துக்குப் பன்னண்டு அடி நீளம். மூணடிக்கு முப்பத்தாறு. போட்டா வாசலத் தாண்டி ரோட்டுல ரிக்‌ஷாவ மறிக்கும்."

"பாத்தியா, முடியாதுன்னு நீயே சொல்றே."

"ராம்ப்தான் முடியாதுன்னேன். மேடையே வேணாம் சார். கீழ ஆடலாம்."

"மேடை இல்லாம நாடகமா? பின்னாடி உட்கார்றவாளுக்கு என்ன தெரியும்?"

"பின்னாடின்னு ஒண்ணு இருந்தாத்தானே. நடுவுல ஆட்டம். மூணு பக்கம் நாற்காலி, முன்னால குழந்தைங்களுக்கு ஜமக்காளம். நாலாவது பக்கம் உங்க மேடை. ஏற முடிஞ்சவங்க அதுமேல உக்காந்து பாக்கட்டும். முட்டி வலிக்காரங்க கீழயே இருக்கட்டும்."

"குத்துவிளக்கு?"

"கீழயே ஏத்துங்க. நெருப்பு மேல பாத்துத்தான் எரியும்."

முகுந்த் இப்போது சிரித்தான். "அரே வனஜாக்கா, சக்கரத்துக்கு எட்டடி வழி விடுங்க. நான் சுத்தி வருவேன்."

அடித்த ஆணியைப் பிடுங்கி செட்டைக் கீழே இறக்க இரவாகிவிட்டது.

ஞாயிறு மாலை ஹால் நிறைந்தது. தண்ணீர் டாங்கர் காட்சியில் முகுந்த் சுற்றி வந்தான் பாருங்கள்! சக்கரம் கிறீச்சிட, முன்வரிசைப் பிள்ளைகள் காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டன. யாரோ ஒரு மாமாவின் முழங்காலுக்கு ஓரடி தள்ளி நிறுத்தி, "ரெண்டாம் மாடி! உங்க வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுது!" என்று அதட்டினான். மாமா நிஜமாகவே, "நாளைக்குச் சரி பண்ணிடறேன் சார்" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மேடைமேல் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அடுத்த வருஷமும் கீழதான். என்னமா யோசிச்சோம்!" என்று பட்டாபிராமன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டாள் வனஜா. செட் நன்றாக நின்றது. அவளுக்கு அது போதும்.

ஒரு டம்ளர் மோரை முகுந்திடம் நீட்டினாள்.

"வேணாங்க்கா."

"தொண்டை கிழியக் கத்தியிருக்க. குடி."

"வீட்டுக்குப் போய்க் குடிக்கிறேன். கேப் வந்துடுச்சு."

"காலைலருந்து நீ தண்ணி குடிச்சே நான் பாக்கல. நேத்தும் பாக்கல."

அவன் குரலைத் தாழ்த்தினான். "குடிச்சா போகணும்லக்கா. இங்க டாய்லெட் கதவுல சேர் நுழையாது. ரெண்டு நாளும் அப்படித்தான் அட்ஜஸ்ட் பண்ணேன்."

கேப் கிளம்பிய பிறகு வனஜா டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவு இருபத்து மூன்று அங்குலம். அவன் நாற்காலி இருபத்தாறு. வாசலில் ஒரு படி வேறு.

கைதட்டெல்லாம் வாங்கியாயிற்று. முகுந்துக்கு இந்தச் சங்கம் ஒரு கழிப்பறை பாக்கி வைத்திருக்கிறது.