குருவி சொன்ன சரி

டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துச் சோறு தின்கிறவள் நான். மருந்துக்கடையில் எனக்கு ஒரே விதி. எழுத்து புரியாவிட்டால் ஊகிக்கக் கூடாது, எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

தம்பி மகள் படிக்கும் பள்ளியில், எழுத்துகளைக் கோத்து எழுதும் கூட்டெழுத்து வகுப்பு இனியும் வேண்டுமா என்று பெற்றோரைக் கூட்டிக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று முதலில் எழுந்தவன் என் தம்பி. அந்த நேரத்தில் டைப்பிங் சொல்லிக் கொடுங்கள், பிழைப்புக்காவது ஆகும் என்றானாம். கைதட்டல் வேறு. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன வலிக்கிறது என்று வீட்டில் நான் அவனோடு மல்லுக்கு நின்றேன். “கிறுக்கலப் படிச்சுப் படிச்சு உனக்கே கிறுக்குப் பிடிச்சிருச்சுக்கா” என்று சிரித்தான். வகுப்பை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் போயிற்று. விரல்கள் வீங்கி, போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் இரண்டு விழுந்தன. சின்ன வெள்ளைப் பலகை ஒன்றும் பேனாவும் வாங்கிக் கொடுத்தேன். எங்களுக்கென்றால் எழுத்துகளைக் கோத்து வேகமாக எழுதுவான். மகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுவான். அவளுக்குக் கூட்டெழுத்து பிடிபடாது. படித்ததும் பலகையைத் துடைத்து அவன் மடியில் திரும்ப வைப்பது அவள் வேலை. பதிமூன்று வயது. வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவோம்.

அவன் போய் ஒரு மாதம் இருக்கும். குருவி கடைக்கு வந்தாள். மருந்துக் கவர் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். முடிவில் இரண்டு சுழி.

அப்பா போன அன்று காலையில் எழுதியது என்றாள். அம்மா குளிக்கப் போயிருந்தாளாம். அவசரமாகக் கூட்டெழுத்தில் எழுதிக் காட்டினானாம். அவன் கை நடுங்குவதைப் பார்த்தபின், பிரித்து எழுதுங்கள் என்று கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. தலையாட்டி, வழக்கம்போலத் துடைத்துவிட்டாள். அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியவன்தான். அன்றிலிருந்து அந்த வடிவத்தை வரைந்து பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறதாம்.

“அப்பா ஏதோ கேட்டாரு. நான் சரின்னுட்டேன். எதுக்கு சரின்னேன் அத்தை?”

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்தாக இருந்தால்தானே படிப்பதற்கு. யாருக்குப் போன் போட்டுக் கேட்பேன்? என்னவென்றே தெரியாத ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு, இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அதைச் சுமக்கப் போகிறாளே. சின்னதாக ஏதாவது சொல்லி இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் விதியை முதல் முறையாக மீறினேன்.

“ஜன்னல சாத்துன்னு எழுதியிருக்கான் உங்கப்பன். வேற ஒண்ணுமில்லடா.”

அவள் கவரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“நான் சாத்தலையே அத்தை” என்றாள். “குளிர்லயேவா படுத்திருந்தாரு?”