வரி உங்களுக்கு, மெட்டு எனக்கு

மாடி அறையில் முப்பத்திரண்டு நாற்காலிகள் போட்டாலே முழங்கால் இடிக்கும். அக்கா முப்பத்தாறு போட்டிருந்தாள். கீழே அவளுடைய தையல் கடை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் மேலே துணி வெட்டும் மேசையை ஓரம் தள்ளிவிட்டு, சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்களைப் பாட அழைப்பாள். ஒரே ஒரு நிபந்தனை: பாடுவதற்கு முன் அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் தங்கையின் குடித்தனம் இடறியது. ஏழு மாதத்துக்கு முன் இதே இடத்தில், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, "இது தானா வந்துச்சுங்க" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த அவளுக்கு முகம் சுண்டிப்போனது. வரிகள்தான் அவனுடையவை. மெட்டு, கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, அடுப்படியில் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி அவள் பிடித்தது. அன்று அக்கா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பாகப்பிரிவினை போனிலேயே முடிந்தது.

"வரி உங்களுக்கு, மெட்டு எனக்கு. அவங்கவங்க பங்க அவங்கவங்க வச்சுக்கலாம்."

இன்று இருவர் பெயரும் பட்டியலில் இருந்தன.

"ஒரே நாள்ல ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

"அஞ்சு பேரைக் கூப்பிட்டேன். மூணு பேருக்குத் தொண்டை கட்டிருச்சு. அதுக்கு நானா பொறுப்பு?" அக்கா நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் இன்னிக்கும் தானா வந்துச்சுன்னு சொன்னா, நாளைக்கே தனியா ஒரு வீடு பாத்துடுவேன்க்கா. இந்த உறவ அதோட முடிச்சுக்கிறேன்."

அக்கா துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தாள்.

முதலில் தங்கை பாடினாள். "மெட்டு பழசு, வரி புதுசு" என்று மட்டும் சொன்னாள். கடைசி வரிசையில் கிதார் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் பார்த்தாள். இளைத்திருந்தான். சட்டையில் பொத்தான் ஒன்று மாற்றிப் போடப்பட்டிருந்தது.

*மழை நின்னு போனாலும்*
*கிளை சொட்டும்தானே...*

நன்றாகத்தான் போனது. இரண்டாம் முறை அதே இடத்துக்கு வந்தபோது வாய் தன் பாட்டுக்கு அவனுடைய பழைய வரிக்குப் போய்விட்டது.

*சாவி ரெண்டு இருந்தாலும்*
*கதவு ஒண்ணுதானே...*

அவளைத் தவிர அறையில் இருவருக்குத்தான் அது தெரிந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் குனியவில்லை.

அடுத்து அவன். அவள் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவன் நிபந்தனையை மறந்தவன்போல் நேராகப் பாட ஆரம்பித்தான். அதே வரிகள், அவனாகப் போட்ட புது மெட்டு. அது பழகாத ஆள் கிளட்சை விட்டதுபோல் குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது. 'கதவு' வந்ததும் குரல் தானே அவளுடைய மெட்டுக்குள் வழுக்கி விழுந்தது. கிதாரை நிறுத்தினான்.

"மன்னிக்கணும். நான் போட்ட மெட்டு வண்டி ஏறல."

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"போன தடவை இங்க, பாட்டு தானா வந்துச்சுன்னு சொன்னேன். எதுவும் தானா வரல. வரி மட்டும்தான் நான். மெட்டு, அதோ மூணாவது வரிசையில இருக்காங்களே, என் வீட்டுக்காரம்மா, அவங்க போட்டது. பதினோரு நாள். அப்ப நான் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சேன், அவ்வளவுதான். அன்னிக்கு கை தட்டினதும் எனக்குத் தலை கால் புரியல."



"பன்னெண்டு நாள்" என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"பன்னெண்டு" என்று திருத்திக்கொண்டான். "அவங்க சம்மதிச்சா அந்த மெட்டுலயே பாடறேன். இல்லன்னா இறங்கிடறேன்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சுருதிய ஒரு கட்டை இறக்கிக்கங்க. மேல உங்களுக்கு எட்டாது. அன்னிக்கே கத்தினீங்க."

"நீ வந்தா எட்டும்."

அவள் முழங்கால்களை இடித்துக்கொண்டு எழுந்து போனாள். அவன் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினான். தான் குனிந்து நின்றுகொண்டான். அவள் மைக் கம்பியில் விரல் நகத்தால் தட்டித் தாளம் கொடுத்தாள்.

பாட்டு முடிந்து, கூட்டம் படி இறங்கிய பிறகு, அக்கா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "உன் பெட்டிய நீ வந்து எடுத்துக்கிறியா, கடைப் பையன்கிட்டக் கொடுத்து விடட்டுமா?"

"பெட்டி இங்கயே இருக்கட்டும்க்கா. முதல்ல போய், வீடு எந்த லட்சணத்துல இருக்குன்னு பாத்துட்டு வரேன்."

கைப்பைக்குள் துழாவினாள். அடியில் வீட்டுச் சாவி இருந்தது. கிதாரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவனின் சட்டையைத் தன் பக்கம் இழுத்து, மாறிப்போன பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.